தோல் பூட்ஸும் துளசி மாலையும்

வெளிநாடு போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். அதைப் படித்து வயிறெரிகிறவர்கள் எதுவும் எழுதுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இது. குளிர்காலத்தில் பனிமலை ஏற நேபாளத்துக்குக் கிளம்பியவன் என் சிநேகிதன் ஜெகன். அவனைக் கிளப்பிவிடுவதற்காக இரண்டு மாதம் நான் சுற்றியது செல்லூர், காளவாசல், விளாங்குடி. என் பயணத்தின் மொத்தச் சுற்றளவு பத்து மைல் இருக்கலாம். அவன் போனது எத்தனை மைல் என்று நான் வரைபடத்தில் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நான் விளாங்குடிக்காரன். வீட்டில் வயல், மாடு. எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஜெகன் செல்லூரில் சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா இல்லை. வீட்டோடு இரண்டு தறி, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் இருவரும் நாகமலையிலோ யானைமலையிலோ ஒரு கயிற்றின் இரண்டு முனைகளில் தொங்கிக்கொண்டிருப்போம்.

சென்னையில் ஒரு மலையேறும் குழு, தை மாதம் நேபாளத்தில் ஒரு பனிச்சிகரத்தில் ஏறத் திட்டமிட்டது. எட்டுப் பேரில் ஓர் இடம் காலி. இருவருமே விண்ணப்பித்தோம்; இரண்டு விண்ணப்பத்தையும் நானே டைப் அடித்தேன். என்னுடையதில் ஓரம் விட்டு, தலைப்பில் அடிக்கோடு போட்டு, புது ரிப்பனில் அடித்தேன். அவனுடையதற்குப் பழைய ரிப்பன் போதும் என்று பட்டது. குழுத் தலைவர், ஓர் இஞ்சினியர், மதுரைக்கே வந்து எங்களை நாகமலையில் ஏறவிட்டுப் பார்த்தார். முதலில் உச்சிக்குப் போனவன் நான். ஜெகன் என் பின்னால், நிதானமாக, கயிறு எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஜெகன் வரட்டும் என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி மூன்று வரி. பாண்டி வேகமாக ஏறுகிறார். ஆனால் கயிற்றின் மறுமுனையில் இருப்பவரை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெகன் வர முடியாமல் போனால் அவர் வரலாம்.

அந்தக் கடைசி வரி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்றாலும் வெளிநாடு வெளிநாடுதான். நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "மாப்ள, ஒனக்கு என்ன சாமான் வேணும்னாலும் நான் அலைஞ்சு வாங்கித் தாரேன்" என்றேன். சாமான் என் கையில் இருந்தால் இடமும் பாதி என் கையில் இருப்பதுபோல ஒரு நினைப்பு.

முதல் நாள் சாமான் பட்டியலோடு காளவாசல். தடித்த தோல் பூட்ஸ், மூன்று கம்பளி சாக்ஸ் போட இடம்விட்டு ஓர் அளவு பெரிதாக. காளவாசலில் மரத்தடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கிறவர், மில் கொதிகலனில் வேலை செய்கிறவர்களுக்குப் பூட்ஸ் செய்து பழகியவர். ஜெகனின் காலைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டார். பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சிறியது. மூன்று சாக்ஸுக்குப் பதில் நாலு போட்டால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் செல்லூர். பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ள இரும்பு முள் வேண்டும், பனிக்கட்டியில் வழுக்காமல் நிற்பதற்கு. தலைவர் படம் போட்டு அனுப்பியிருந்தார். விசைத்தறிக்கு உதிரி பாகம் செய்யும் காதர் பாயின் பட்டறைக்குப் போனோம். பாய் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, பெருச்சாளிப் பொறியா?"

"பனிக்கட்டி மேல நடக்குறதுக்கு, பாய்."

"பனிக்கட்டி மேல எதுக்குப்பா நடக்கணும்? ஒடச்சு சர்பத்துல போட்டுக் குடிச்சாப் போச்சு."

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் பாய் வேறு ஆள். பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி, காய்ச்சி, ஒரு காலுக்குப் பத்து முள் வைத்து அடித்துக் கொடுத்தார். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "ஒங்க பேரன் காலத்துக்கும் வரும்" என்றார். ஜெகனைப் பார்த்துத்தான் சொன்னார். துருத்தியடித்தது நான்.

முள்ளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, பூட்ஸில் பொருந்துகிறதா என்று பார்க்கக் காளவாசலுக்கு டவுன் பஸ் ஏறினோம். யானைக்கல் தாண்டுவதற்குள் கூட்டம் நெருக்கியது. திடீரென்று ஒருவர் துள்ளிக் குதித்தார். "யாருய்யா அது, மூட்டையில என்ன வச்சிருக்க?" என்று தொடையைத் தடவிக்கொண்டே கத்தினார். கண்டக்டர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார். ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். "நேபாளம் போற பையன்ணே" என்று இறங்கும்போது படியில் நின்று நான் சொன்னதும் பஸ்ஸே திரும்பி ஜெகனைப் பார்த்தது. எனக்கு அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று தோன்றியது. மிச்ச தூரம் நடந்தோம்.

ஆறாம் நாள் ஐஸ் கம்பெனி. மதுரையில் பனிக்கட்டி என்றால் மீன் மார்க்கெட்டுக்கும் சர்பத் வண்டிக்கும் பாளம் பாளமாகப் போகிற இடம் அதுதான். மேனேஜரிடம் கெஞ்சி, நாலு பாளத்தைச் சுவரில் சாய்த்து, பின்னால் சாக்கு அடைத்து ஒரு சரிவு செய்தோம். உள்ளே போனதும் மூச்சு புகையாக வந்தது. மதுரையில் பிறந்து இருபத்தாறு வருஷத்தில் என் மூச்சை நான் பார்த்தது அன்றுதான்.

ஜெகன் பூட்ஸ் போட்டு முள்ளைக் கட்டிக்கொண்டு ஏறினான். ஒரு உதை, ஒரு எட்டு. மறு உதை, மறு எட்டு. மேலே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அடுத்து நான். வேகமாக ஓங்கி உதைத்தேன். பாளம் நடுவில் பிளந்து, பனிக்கட்டி உருகாமலிருக்கக் கொட்டியிருந்த உமியில் போய் விழுந்தேன். பாளம் தூக்குகிறவர் ஒருவர் கொக்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, இதுல ஏறுறதுக்கு ஆளு எடுக்குறாகளா? எனக்கு ஏழு வருசம் சர்வீசு இருக்கே."

வெளியே மீன் வண்டிக்காரர், "மீனு நாறுது, நீங்க உள்ள என்னய்யா வெளையாட்டு?" என்று சத்தம் போட்டார். காலில் அடிபட்டதைவிட ஜெகன் ஓடிவந்து தூக்கிவிட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அன்று சாயங்காலம் ஜெகன் வீட்டில் விஷயம் வெடித்தது. அதுவரை அவன் அம்மாவிடம் நேபாளம் என்று சொல்லவில்லை. தறிக்குப் பின்னால் ஒளித்துவைத்த முள்ளை அம்மா எடுத்துவிட்டார். எனக்குச் சௌராஷ்டிரம் பேச வராது. அந்த வீட்டில் இத்தனை வருஷம் காப்பி குடித்ததில் கேட்டால் புரியும். அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"இதைக் காலில் கட்டிக்கொண்டு எங்கே போகிறாய்?"

"மலைக்கு அம்மா."

"எந்த மலைக்கு?"

ஜெகன் தரையைப் பார்த்தான். அம்மா என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "பாண்டி, நீ சொல்லுப்பா. எந்த மலை?"

சொன்னேன். நேபாளம், பனி, ஒரு மாதம், எல்லாம் சொன்னேன். மரியாதைக்கு ஒன்றிரண்டு ஆபத்தையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா முள்ளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசவே இல்லை.

எங்கள் வீட்டில் ஒன்று வேண்டாமென்றால் விளாங்குடி முழுக்கக் கேட்கும். எங்கம்மா பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அதே கணக்கில், இந்த அம்மாவும் சம்மதித்துவிட்டார், காரியம் கெட்டது என்று முடிவு கட்டினேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கார்த்திகை முதல் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஊரெல்லாம் சபரிமலைக்கு மாலை போடத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மாலை போட்டவன் காலில் செருப்புப் போடக்கூடாது. தோல் படவே கூடாது. பனியில் வெறுங்காலோடு யாரும் ஏற முடியாது.

"அம்மா, பயமா இருந்துச்சுன்னா ஐயப்பனுக்கு மாலை போட்டு அனுப்புங்க" என்றேன். "எந்த மலைக்குப் போனாலும் அவர் பாத்துக்குவாரு. திரும்பி வந்து மாசி பொறக்கவும் சபரிமலைக்குப் போயிட்டு வந்து கழத்திக்கலாம்."

குரலில் அத்தனை பக்தி இருந்தது. அம்மா நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல புத்தி சொன்னப்பா" என்று என் கன்னத்தைத் தொட்டார். ஜெகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அப்போது நான் அர்த்தம் தேடவில்லை.

கார்த்திகை முதல் தேதி விடியற்காலை, குருசாமி ஜெகன் கழுத்தில் துளசி மாலை போட்டார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, முதல்முறை என்பதால் கன்னிச்சாமி. வெளியே வந்ததும் ஜெகன் என்னை ஓரமாக அழைத்தான்.

"மாப்ள, பூட்ஸு தோலாச்சே. வீட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிருச்சு. நீ கொண்டுபோய் ஒன் வீட்ல வச்சுக்க."

"அய்யய்யோ, ஆமால்ல? அதை நான் யோசிக்கவே இல்லடா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

பூட்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். நாலு சாக்ஸோடு கச்சிதமாக இருந்தது. மறுநாள் ஆபீசில் புது ரிப்பன் மாட்டி, சென்னைக்கு ஒரு கடிதம் அடித்தேன். ஜெகன் விரதம் மேற்கொண்டுள்ளதால் தோல் காலணி அணிய இயலாத நிலை ஏற்பட்டுள்ளது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன், நான் தயார். வருத்தத்துடன் என்ற சொல்லின் கீழ் கோடு போடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கு அடுத்த தாளில் ஒரு மாத லீவுக்கு விண்ணப்பமும் அடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஜெகன் ஜெகனாக இல்லை, சாமி ஆகிவிட்டான். எங்கே போனாலும் "வாங்க சாமி", "உக்காருங்க சாமி". போன வாரம் முள் மூட்டையோடு போனபோது எங்களை முறைத்த காளவாசல் டீக்கடைக்காரர், அவனுக்குப் பித்தளை டம்ளரைக் கழுவித் தனியாகப் பால் கொடுத்தார். எனக்கு வழக்கமான கண்ணாடி கிளாஸ். வயிற்றெரிச்சலில் எதிரே பரோட்டாக் கடைக்குப் போய், அவன் பார்க்கிற மாதிரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, சால்னா ஊற்றி நாலு பரோட்டா சாப்பிட்டேன். அவனுக்குப் பரோட்டா என்றால் உயிர். அவன் பாட்டுக்குக் கண்ணை மூடி சரணம் சொல்லிக்கொண்டிருந்தான். நாலாவது பரோட்டா இறங்கவில்லை.

தலைவரின் பழைய கடிதத்தில் பயிற்சிக்கு என்று ஒரு பத்தி இருந்தது. விடிவதற்கு முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், தரையில் படுக்க வேண்டும், எண்ணெய்ப் பண்டம் குறைக்க வேண்டும், கரடுமுரடான தரையில் வெறுங்காலோடு நடந்து பாதத்தை உரமேற்ற வேண்டும், கோபப்படக் கூடாது. அதை நானும் செய்துபார்த்தேன். மூன்றாம் நாள் சளி பிடித்தது. நாலாம் நாள் விட்டுவிட்டேன். ஜெகனுக்கோ இதெல்லாம் விரதம். விட்டால் சாமி குற்றம். இரண்டு வேளைக் குளியல், பாய்கூட இல்லாத வெறும் தரை, ஒரு பொழுது சாப்பாடு. நடந்தது பூராவும் வெறுங்கால். மாலை போட்ட பதினைந்தாம் நாள் நாகமலையில் பார்த்தேன், முள்ளும் கல்லும் கிடக்கிற பாதையில் அவன் சிமெண்டுத் தரையில் நடப்பதுபோலப் போனான். நான் ஷூ போட்டுக்கொண்டு பின்னால் இரைத்துக்கொண்டு வந்தேன். நான் போட்டுவிட்ட மாலை அவனைப் பாறையாக்கிக்கொண்டிருந்தது. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இருபதாம் நாள் சென்னையிலிருந்து பதில் வந்தது. உறையை அவசரமாகக் கிழித்தேன். தலைவர் எழுதியிருந்தார்: தகவலுக்கு நன்றி, பாண்டி. தோல்தான் வேண்டும் என்றில்லை. மேலே கனமான துணி, உள்ளே கம்பளி, அடிப்பகுதி மட்டும் வளையாமல் விறைப்பாக இருந்தால் போதும். ஜெகனுக்கு அப்படி ஒரு ஜோடி செய்துகொடுக்க நீங்கள் உதவ வேண்டும். சிநேகிதனுக்காக இவ்வளவு அக்கறையோடு எழுதியது மகிழ்ச்சி.

அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கிழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் ஜெகன் என்னிடம், "சென்னைக்கு ஒரு லெட்டர் போடணும் சாமி, பூட்ஸ் போட முடியாது, நான் வரலன்னு. நீயே அடிச்சுக் குடுத்துரு. ஒன்னையக் கூப்புடச் சொல்லி நானே கையெழுத்துப் போடுறேன்" என்றான். மாலை போட்டவர்கள் எதிரில் யார் இருந்தாலும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சாமி என்ற சொல் என் முகத்தில் அறைந்தது. பையிலிருந்து கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அப்புறம் மறுபடியும் அலைச்சல். குருசாமியிடம் போய்க் கேட்டோம். அவர் ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், எதற்கும் விதிப் புத்தகம்போலப் பதில் சொல்வார். "ஊருக்குள்ள இருக்குற வரைக்கும் வெறுங்காலு. பனியில துணியும் ரப்பரும் போட்டுக்கலாம், தோஷமில்ல. ஆனா தோல் ஒரு வார்கூட ஆகாது" என்றார். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரிடம் மேல்பகுதி தைத்தோம். காளவாசல்காரர் லாரி டயரை மூன்றடுக்காக வெட்டி, நடுவில் தகடு வைத்து அடி போட்டார். உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது ஜெகனின் அம்மா. முள்ளைப் பொருத்திப் பார்க்க மறுபடி ஐஸ் கம்பெனிக்குப் போனோம். இந்தத் தடவை பாளம் பிளக்கவில்லை. கொக்கிக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமியே சரணம்" என்றார்.

மார்கழி கடைசியில் ஒரு சாயங்காலம் மதுரை ஜங்ஷன். ஜெகன் தாடியும் கறுப்பு வேட்டியுமாக, வெறுங்காலோடு பிளாட்பாரத்தில் நின்றான். முதுகு மூட்டையில் தார்ப்பாய் பூட்ஸ் தொங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு பயணி தன் மனைவியிடம், "இந்தச் சாமி ரயில் மாறி ஏறுது போல, கேரளா வண்டி இது இல்லையே" என்று சொன்னதைக் கேட்டேன். அம்மா மகனின் காலில் விழுந்து கும்பிட்டார். மாலை போட்டிருந்தால் பெற்றவளும் விழத்தான் வேண்டும், அதுதான் முறை. எழுந்து என்னைப் பார்த்தார்.

நானும் விழுந்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் அவன் பாதம். குதிகால் முழுக்க வெடிப்பு, வெடிப்பில் நாகமலைச் செம்மண். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துபோனது. எழுந்து அவனை ஒதுக்கிக் கூட்டிப்போனேன்.

"ஜெகன், ஒன்னையப் போகவிடாமப் பண்ணத்தான் நான் மாலை போடச் சொன்னேன். தோலு ஆகாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

"தெரியும் சாமி."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா?" அவன் சிரித்தான். "எங்கம்மா பேசாம ஒக்காந்துச்சுல்ல? எங்க வீட்ல அது பேசாம இருந்தா முடியாதுன்னு அர்த்தம். எங்கப்பாவையே ஒரு தடவ சிங்கப்பூர் போகவிடாம மூணு நாள் பேசாம இருந்து மறிச்சிருச்சு. நீ மட்டும் அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா, இந்நேரம் நான் தறியில ஒக்காந்திருப்பேன். நீ வண்டியில ஏறியிருப்ப. நீ மாலைன்னு சொன்னதுந்தான் அது மனசு எறங்குச்சு. ஐயப்பன்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு தைரியம் வந்துருச்சு."

சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்கும் இடத்தை, பொறாமையால் வாயைத் திறந்து நானே அவன் கையில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். வண்டி நகர்ந்தது. அவன் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே போனான், ஏறுகிறவன் கயிற்றைப் பார்ப்பதுபோல. வளைவு வரைக்கும் பார்த்தான்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "அவன் வர வரைக்கும் நீதான் எனக்குப் புள்ள" என்றார். அவரைச் செல்லூரில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தத் தோல் பூட்ஸை எடுத்து, நாலு சாக்ஸும் போட்டு, திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடிக் கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வந்தேன். வியர்த்து ஊற்றியது. இரண்டு காலிலும் கொப்புளம்.

அன்று சாமி கும்பிட்டேன். ஜெகன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று மனசார வேண்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உச்சிக்கு ஒரு நூறு அடி இருக்கும்போதே திரும்பி வர வேண்டும் என்று அதையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

முதல் வேண்டுதல் மட்டும் பலித்தது.